ஏழாம் நம்பர் வீட்டுத் தாள்

மேல் டிவிஷன், மறையூர் ரோடு
சனிக்கிழமை, மதியம்

அன்பு மகள் வினோவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய தயவால் இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம். ஜெர்மனிக் குளிரில் உன் கையும் காலும் மனசும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். நேற்றுத்தானே வீடியோவில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நீ கேட்பாய். காரணம் இருக்கிறது. போனில் நாம் இரண்டு பேரும் பேசுவது என்ன, சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், டியூட்டி எப்படி, பரவாயில்லை, இவ்வளவுதான். அதற்குள் சிக்னல் போய்விடும், உன் முகம் பாதி வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிடும், நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்தக் கடிதத்தோடு இன்னொரு தாளையும் நாலாக மடித்துப் பின் குத்தி வைத்திருக்கிறேன். அதை இப்போது பிரிக்காதே. உன்னை எனக்குத் தெரியும், கிறிஸ்துமஸ் பார்சலை இருபதாம் தேதியே பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் ஒட்டிவைக்கிறவள். இந்த ஒரு தடவை அம்மா சொல்வதைக் கேட்டு, கடிதம் முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் பிரி.

நான் எம்.எஸ்.டபிள்யூ., அந்தச் சமூகப்பணிப் படிப்பில், முதல் வருஷம் பாஸ் ஆனது உனக்குத் தெரியும். நீதானே அங்கிருந்து கம்ப்யூட்டரில் ரிசல்ட் பார்த்துச் சொன்னாய், அப்பா அதைக் கேட்டுவிட்டு டீ ஃபேக்டரி முழுக்கச் சொல்லி, இலை உலர்த்துகிற ட்ரையர் பக்கத்தில் நிற்கிற ஆட்கள் எல்லாம் எனக்குக் கை கொடுத்தார்கள். உனக்குத் தெரியாத செய்தி, நான் திங்கட்கிழமை காலையில் அகளிக்குப் போகிறேன். ஆமாம், நானேதான், ஒற்றை ஆளாக, ஒரு மாசத்துக்கு. களப்பயிற்சி. அகளியில் பெண்கள் குழுக்களோடு வேலை செய்கிற ஒரு நிறுவனத்தில் என்னை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அட்டப்பாடியில் ஊர் ஊராகப் போய் வேலை, தங்குவதற்கு ஒரு ஹாஸ்டல், என்னோடு தங்கப்போகிற இரண்டு பிள்ளைகளுக்கும் உன் வயசுகூட ஆகவில்லை. எனக்கு நாற்பத்தெட்டு. பையை இரண்டு தடவை அடுக்கி இரண்டு தடவை பிரித்துவிட்டேன். கல்யாணம் முடிந்து இந்த எஸ்டேட் லயத்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் இத்தனை நாள் வெளியே தங்கினதே இல்லை, உன்னைப் பெற்ற பிரசவத்துக்குக்கூட ஒன்பது நாள்தான். எழுதும்போதே கை ஓடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். ஆனால் இந்த அகளி கிட்டத்தட்டக் கைவிட்டுப் போயிற்று, அதோடு என் படிப்பும் போயிருக்கும். அதை உன்னிடம் சொல்லாமல் மூன்று வாரமாக மறைத்து வைத்திருந்தேன். வெட்கம்தான், வேறென்ன. இப்போது எல்லாம் சரியாகிவிட்டதால் தைரியமாக எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் நான் எப்படிப் படிக்கிறேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். புத்தகம் எல்லாம் இங்கிலீஷ். எனக்கு அதை வாய்விட்டுப் படித்து, தமிழில் எனக்கு நானே சொல்லிப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். அங்கன்வாடி முடிந்து சாயந்தரம் வந்து அடுப்பை மூட்டிவிட்டு ஆரம்பிப்பேன். நம் லயத்துச் சுவர் உனக்குத் தெரியாததா, எட்டாம் நம்பரில் தேங்காய் துருவினால் நம் வீட்டில் கேட்கும். கேஸ் ஒர்க், அதாவது தனித்தனி ஆளுக்கு உதவுகிற வேலை, அதற்குக் கொள்கைகள் ஏழு. பரீட்சைக்கு முந்தின நாள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன், ஆறுக்கு மேல் வரவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நல்லதம்பி அண்ணன் குரல் கொடுக்கிறார், டீச்சரே, ரகசியம் காக்கதை விட்டுட்டியளே என்று. அப்பா சிரித்த சிரிப்பில் கட்டன் சாயா சட்டையெல்லாம் கொட்டிவிட்டது. பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது, ஏழையும் எழுதினேன். அண்ணனுக்குப் பாதி மார்க் கொடுக்கவேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் வருஷத்துக்கு ஒரு ஆய்வு செய்து எழுதவேண்டும். நான் எடுத்த தலைப்பு நம் ஆட்களைப் பற்றியதுதான். ரிட்டயர் ஆன உடனே லயத்தைக் காலி செய்யவேண்டுமே, அதற்குப் பிறகு இவர்கள் எங்கே போகிறார்கள், எங்கே போக ஆசைப்படுகிறார்கள். அப்பாவுக்கு வருகிற மார்ச்சோடு வேலை முடிகிறது, நாமும் இந்த வீட்டை விடவேண்டும், அதனால் இந்தத் தலைப்பு என் மனசிலேயே நின்றது. நம் இரண்டு லயத்திலும் சேர்த்து இருபத்துநான்கு வீடு, ஒரு வீட்டுக்கு ஒரு தாள். வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதவேண்டும். தாளின் கடைசியில், வெளியூரில் இருக்கிற பிள்ளைகளிடமும் கேட்கவேண்டிய ஒரு பகுதி உண்டு. எல்லாருக்கும் பொதுவாக முடிவில் ஒரு கேள்வி, உங்களிடம் இதுவரை யாரும் கேட்காத, ஆனால் நீங்கள் சொல்ல விரும்புவது ஏதாவது இருக்கிறதா என்று.

நான் செய்ததைக் கேள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, மேசை முன்னால் உட்கார்ந்து, ஒரே மூச்சில் இருபத்துநான்கு தாளையும் நானே எழுதி முடித்துவிட்டேன். ஒரு வீட்டுக்கும் போகவில்லை. திருட்டுத்தனம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். இருபத்தொரு வருஷம் அங்கன்வாடி டீச்சராக இருந்த கை இது. எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எத்தனையாவது மாசம், எந்தப் பிள்ளைக்கு எத்தனை கிலோ, யார் எப்போது இந்த எஸ்டேட்டுக்கு வந்தார்கள், எல்லாம் எனக்கு மனப்பாடம். சர்வே ரிஜிஸ்டர் என்று மேலிடத்திலிருந்து எது வந்தாலும் நான் இடத்தை விட்டு எழுந்திருக்காமல் நிரப்பிக் கொடுப்பேன், ஒரு பிழை இருக்காது, மற்ற சென்டர் டீச்சர்கள் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். அந்தக் கர்வம்தான். நல்லதம்பி அண்ணனா, திருப்பூரில் மகனோடு இருப்பார். நாலாம் நம்பர் அக்காவா, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். அப்பாவா, அவருக்குச் சங்கரன்கோவில் பக்கம் அவர் அப்பாவுடைய ஊருக்குப் போகவேண்டும். கடைசிக் கேள்விக்கு எல்லாருக்கும் ஒரே பதில், இல்லை. பேனா மை தீர்ந்து இன்னொரு பேனா எடுத்தது மட்டும்தான் தடங்கல்.

அந்தத் தாள்கட்டை எடுத்துக்கொண்டு இரண்டாம் சனிக்கிழமை பாலக்காட்டு வகுப்புக்குப் போனேன். விடியற்காலை பஸ்ஸில் சின்னாறு செக்போஸ்ட் தாண்டி உடுமலையில் இறங்கி ஒரு காப்பி, பொள்ளாச்சியில் பஸ் மாறி மறுபடியும் கேரளாவுக்குள் நுழைவது, அதெல்லாம் உனக்குப் பலமுறை சொன்ன கதைதான். எனக்கு வழிகாட்டி கௌசிகா என்று ஒரு மேடம், கொழிஞ்சாம்பாறைக்காரப் பெண், முப்பது வயசு இருந்தால் அதிகம். நான் மேடம் என்பேன், அது என்னை அக்கா என்று கூப்பிடும். நான் கட்டை வைத்தேன், பாராட்டு வரும் என்று தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அந்தப் பிள்ளை ஒவ்வொரு தாளாகப் புரட்டியது. பாதிக்கு மேல் முதல் பக்கத்தை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போயிற்று. கட்டை மேசையில் தட்டி நேராக்கி வைத்துவிட்டுக் கேட்டது, “ஏனுங்க்கா, இருபத்தி நாலு வீட்டுலயும் ஒருத்தருகூட தெரியாதுன்னு சொல்லலீங்களா? இருபத்தி நாலு பேருக்கும் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லீங்களா?”

வினோ, பொய் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எல்லாரையும் தெரியும் மேடம், அதனால் எழுதினேன் என்றேன். அந்தப் பிள்ளை கோபப்படவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. தெரிஞ்சவங்களைத்தானுங்க்கா நாம கேக்காமயே விட்டுடறது என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது, இருபது நாள் தருகிறேன், நேரில் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள் என்றது. வராவிட்டால் இந்தக் குழுவோடு அகளிக்கு அனுப்ப முடியாது, அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் நமக்கு ஏது? மார்ச்சில் வீட்டை விட்டு எங்கேயோ ஒரு மூலைக்குப் போன பிறகு எந்த லயம், எந்த ஆய்வு, யார் எனக்கு அங்கே மேசை போட்டுத் தருவார்கள். நழுவினால் நழுவினதுதான் என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு மேல் அன்றைக்கு வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று கேட்டால் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. என் பிள்ளை வயசு, அது எனக்குச் சொல்லித் தருகிறதா, லயத்தின் வாசலை மிதித்திருக்கிறதா, இந்த மாதிரியெல்லாம் உடுமலை வரைக்கும் மனசுக்குள் சண்டை போட்டேன். சின்னாறு காட்டுக்குள் நுழைந்ததும் கோபம் அடங்கி அழுகை வந்தது. நம் பக்கத்துக்காரர் ஒருவர் முன்சீட்டில் இருந்ததால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் என்ன செய்திருக்கவேண்டும், ஆறுதல் சொல்லியிருக்கவேண்டும். அந்த மனுஷன் ஏழாம் நம்பர் தாளை உருவி எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தனக்கு என்ன எழுதியிருக்கிறது என்று படித்தார். படித்துவிட்டு ஓகோ என்று மட்டும் சொன்னார். அப்புறம் முகம் கழுவப் போய்விட்டார். அந்த ஓகோவுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை, கேட்கவும் பயமாக இருந்தது.

மறுநாள் சாயந்தரமே கிளம்பினேன். முதல் வீடு நல்லதம்பி அண்ணன் வீடு, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் தாளும் பேனாவுமாகப் போனதும் சிரித்தார், உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, பின்னே எதுக்கு டீச்சரே பேனா என்றார். இல்லை அண்ணே, நான் கேட்டுத்தான் எழுதவேண்டும் என்று சொல்லி, வேலை முடிந்த பிறகு எங்கே போக எண்ணம் என்று கேட்டேன். அவர் கழுவின காலையே மறுபடியும் கழுவினார். நான் என் பழக்கத்தில், திருப்பூருக்குத்தானே என்று எடுத்துக்கொடுத்தேன். அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அவன் இன்னும் கூப்பிடலியே டீச்சர். எல்லாரும் திருப்பூர் திருப்பூர்னு சொல்லுதிய, நானும் ஆமாம் ஆமாம்னு சொல்லிக்கிட்டிருக்கேன். எங்க போவேன்னு எனக்குத் தெரியாது.” அதுதான் எனக்குக் கிடைத்த முதல் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுகிற இருமல் எனக்குத் தெரியும், எந்தப் பாட்டு முணுமுணுப்பார் என்று தெரியும், இது தெரியாமல் போயிற்றே. இதை உனக்கு எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன், ரகசியம் காப்பது ஏழில் ஒன்று அல்லவா. தாராளமாக எழுதுங்கள், வினோ அங்கே வயசானவர்களைப் பார்க்கிற வேலைதானே செய்கிறது, அந்த ஊரில் அவர்களெல்லாம் எங்கே இருக்கிறார்கள், யார் கூப்பிட்டு வந்தார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள் என்றார். மறக்காமல் அவருக்கு ஒரு பதில் எழுது.

அப்புறம் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு அதிசயம். பேர் சொல்லக்கூடாது, அதனால் சொல்ல மாட்டேன். நாலாம் நம்பரில் ஒரு அக்கா இருக்கிறார், மூக்குத்தி இரண்டு பக்கமும் போட்டவர், உனக்குச் சின்ன வயசில் அச்சுமுறுக்கு கொடுப்பார், யாரென்று நீ கண்டுபிடித்தாலும் உன்னோடு வைத்துக்கொள். பேரப்பிள்ளைகளை வளர்ப்பார் என்று நான் எழுதிவைத்திருந்தேனே. என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டு, சுவருக்குக் காது உண்டு என்பதால் ரேடியோவையும் சத்தமாக வைத்துவிட்டு, என் காதோடு சொன்னார், ஆனைக்கரையில் தங்கச்சி பக்கத்தில் மூன்று சென்ட் நிலம் வாங்கிப் போட்டிருக்கிறாராம், ஆறு வருஷம் ஆகிறதாம், வீட்டுக்காரருக்கே தெரியாதாம். பேரப்பிள்ளைகளைப் பெற்றவர்கள் வளர்க்கட்டும், நான் இரண்டு பசு வைக்கப் போகிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றார். எழுதிக்கொண்டேன். வெளியே வந்தபோது எனக்குச் சிரிப்பும் தாங்கவில்லை, அதிர்ச்சியும் தாங்கவில்லை. இன்னொரு வீட்டில் ஒரு மனுஷர் கடைசிக் கேள்வியைக் கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டார், கால் மணி நேரம் கழித்து வந்து, நாளைக்கு வாருங்கள் டீச்சர், யோசிக்கவேண்டும், இப்படி என்னிடம் யாரும் கேட்டதில்லை என்றார். ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஆயிற்று. தாள் முழுக்க அடித்தல் திருத்தல், சாயாக் கறை, ஓரத்தில் எல்லாம் எழுத்து. பதினோரு தெரியாது கிடைத்தது வினோ, நான் ஒவ்வொன்றையும் மார்க் வாங்கின மாதிரி எண்ணினேன்.

கடைசியாக நம் வீடு. அப்பா டியூட்டி முடிந்து வந்து குளித்துவிட்டு, சட்டையை மாற்றி, தலை சீவி, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார், கேளுங்க மேடம் என்றார். கிண்டல்தான். ஆனால் நான் கேள்வியைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. சங்கரன்கோவில் பக்கம் அவர் மொத்தமாக எட்டு நாள் இருந்திருப்பாராம், அதுவும் இரண்டு சாவுக்குப் போனபோது. எல்லாரும் ஊர் ஊர் என்று பேசும்போது தனக்கும் ஒரு ஊர் இருக்கவேண்டுமே என்று சொல்லிக்கொண்டிருந்தாராம், நான் இருபத்தாறு வருஷமாக அதை நம்பிக்கொண்டிருக்கிறேன். அப்படியென்றால் உங்களுக்கு எங்கேதான் இருக்க ஆசை என்று கேட்டேன். அவர் எழுந்து எட்டாம் நம்பர் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொன்னார். “எந்த ஊரா இருந்தாலும் சரி ஏட்டி. நாலு செவரும் நம்ம செவரா இருக்கணும். நீ படிக்கது எனக்கு மட்டும் கேக்கணும்.” சுவருக்கு அந்தப் பக்கம் நல்லதம்பி அண்ணன் வீட்டில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. இந்த வயசில் என்ன பேச்சு என்று அதட்டினேன், ஆனால் அந்த வரியை அப்படியே எழுதிக்கொண்டேன், ஒரு எழுத்து மாற்றவில்லை. பிறகு அவர் என்னைப் பார்த்து, உனக்கு எங்கே இருக்க ஆசை என்று திருப்பிக் கேட்டார். இத்தனை வீட்டில் கேட்டேனே, என்னை நான் கேட்கவில்லை. அகளியைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். அவர் மறுபடியும் ஓகோ என்றார். இந்தத் தடவை அர்த்தம் புரிந்தது, சந்தோஷ ஓகோ அது.

பதினெட்டாம் நாள் கட்டைக் கொண்டுபோய் வைத்தேன். கௌசிகா மேடம் முதல் நாலு தாளைப் படித்தது, சாயாக் கறையை விரலால் தொட்டுப் பார்த்தது, அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நீங்க அகளிக்குக் கெளம்புங்க்கா என்றது. அந்தப் பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், வராந்தாவில் நின்ற பிள்ளைகள் எல்லாம் பார்த்தார்கள், பார்க்கட்டும். அங்கன்வாடியில் லீவு எழுதிக் கொடுத்து ஒப்புதலும் வந்துவிட்டது, ஹெல்ப்பர் ஒரு மாசம் பார்த்துக்கொள்ளும். அப்பாவுக்குச் சோறு வைக்கத் தெரியும், குழம்புதான் சந்தேகம், எட்டாம் நம்பரிலிருந்து வரும். கம்பளி, டார்ச், மழைக்கோட்டு, உன் பழைய நர்சிங் காலேஜ் பேக், எல்லாம் கட்டிலில் கிடக்கிறது. மண்ணார்க்காட்டிலிருந்து மலை ஏறுகிற பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று அப்பா யார் யாரிடமோ விசாரித்து வைத்திருக்கிறார். அங்கே ஆதிவாசி ஊர்களில் பேசுகிற பேச்சு தமிழ் மாதிரியும் இருக்குமாம், இல்லாத மாதிரியும் இருக்குமாம். புரியாவிட்டால் நல்லதுதான், கேட்டுக் கேட்டுத்தானே எழுதமுடியும்.

இப்போது அந்தத் தாள். பின்னை எடுத்துவிட்டுப் பிரி. அது ஏழாம் நம்பர் வீட்டுத் தாளின் கடைசிப் பக்கம், வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கானது. கேள்வி மூன்றுதான். உங்கள் பெற்றோர் ஓய்வுக்குப் பின் எங்கே இருக்கவேண்டும் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் எங்கே வாழ விரும்புகிறீர்கள். மூன்றாவது அந்தக் கடைசிக் கேள்வி. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இதையும் நிரப்பியிருந்தேன் வினோ. மகள் ஜெர்மனியிலேயே நிரந்தரமாக இருப்பாள், திரும்பி வரும் எண்ணம் இல்லை என்று எழுதியிருந்தேன். நீ ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. நான் கேட்டு நீ அப்படிச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் நானே முந்திக்கொண்டு எழுதி முடித்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. மூன்றாவது கேள்விக்கு, இல்லை என்று எழுதியிருந்தேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது, போனில் சாப்பிட்டாயா என்று ஆயிரம் தடவை கேட்டிருப்பேன், உனக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எழுதின தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். இது புதுத் தாள்.

இதனால் என் மார்க் குறையும் என்று நினைத்து அவசரப்படாதே. மேடத்திடம் கேட்டுவிட்டேன், பதில் வரவில்லை என்று குறித்தால் போதுமாம், ஆய்வுக்கு ஒரு குறையும் இல்லையாம். அதனால் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிற எப்சிபாவுக்காக எழுதாதே, உன் அம்மாவுக்கு எழுது. வரமாட்டேன் என்றால் வரமாட்டேன் என்று எழுது, நான் படிப்பேன், அழுவேன், அடுத்த வேளைக்குச் சோறு பொங்குவேன். வருவேன் என்றாலும் எழுது. தெரியாது என்றாலும் எழுது, அதுவும் பதில்தான் என்று உன் அம்மா பாடம் படித்து வந்திருக்கிறாள். மூன்றாவது கேள்விக்கு இடம் போதாவிட்டால் பின்பக்கம் முழுக்க வெறுமையாக இருக்கிறது. போனில் சொல்லாதே, போனில் நீ எனக்கு வலிக்காத மாதிரிதான் பேசுவாய். தாளில் நான் ஒன்றும் எழுதவில்லை, உன் பேரைக்கூட எழுதவில்லை. அதையும் நீயே எழுது.

நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே, கழுத்தில் துணி சுற்றாமல் வெளியே போகாதே, ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் கோயிலுக்குப் போ. உன்னைப் படைத்தவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், உன் கை தொடுகிற வயசானவர்களுக்கு உன் கை ஆறுதலாக இருக்கட்டும், என் ஆசீர்வாதமும் அப்பாவின் ஆசீர்வாதமும் எப்போதும் உன் தலைமேல். பதிலை நம் வீட்டு விலாசத்துக்கே அனுப்பு. நான் அகளியில் இருக்கும்போது வந்தால் பிரிக்கக்கூடாது என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அவர் பிரிக்க மாட்டார் என்றுதான் எழுத வந்தேன். வேண்டாம், அதையும் அவரிடமே கேட்டுவிட்டு எழுதுகிறேன். கேட்டுவிட்டேன். தெரியாது என்கிறார்.

உன் பதிலுக்காக,
அம்மா
எப்சிபா கபிரியேல்
எம்.எஸ்.டபிள்யூ., இரண்டாம் வருஷம்